மணி பிளாண்ட் இலையில் வண்ணம் மறைகிறதா?

வாங்கும்போது மணி பிளாண்ட் இலைகளில் மஞ்சளும் வெள்ளையும் தீற்றியது போல அவ்வளவு அழகாக இருக்கும். சில மாதம் கழித்துப் புது இலைகள் வெறும் பச்சையாக வந்தால், பெரும்பாலும் வெளிச்சக் குறைவுதான் காரணம். வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. அதனால் இருட்டு மூலையில் பிழைக்க, செடி பச்சையைக் கூட்டிக்கொள்கிறது. தொட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். நேர் வெயில் மட்டும் வேண்டாம், இலை கருகிவிடும். அப்புறம், பச்சையாகிப்போன கொடியை, கடைசியாக நல்ல வண்ண இலை உள்ள கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அங்கிருந்து கிளம்பும் துளிரில் வண்ணம் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு.

தண்ணீர்? விரலை 1 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். இந்தச் செடி வாடிச் சாவதைவிட வேர் அழுகிச் சாவதுதான் அதிகம்.

வெட்டிய துண்டை வீசிவிடாதீர்கள். கணுவில் பழுப்பாக ஒரு சிறு முண்டு தெரியும். அது மூழ்கும்படி தண்ணீரில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் நீளும்.

பூனை, நாய், கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் கொடியை எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். இலையை மென்றால் வாய் எரிந்து வீங்கும்.