வளைந்த இரும்பு டிஸ்க்: சுத்தியல் எடுக்கும் முன்பே நடக்கும் தவறுகள்

அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. அதன் பிறகு அந்தக் காரின் 15 அங்குல இரும்பு டிஸ்க்கை, அதாவது டயர் மாட்டும் இரும்புச் சக்கரத்தைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வருவதில்லை. வேலூரிலிருந்து குடியாத்தம் போகும்போது பள்ளத்தில் இறங்கி விளிம்பு நெளிந்தால், உடனே பட்டறையைத் தேடி ஓடுகிறோம். அந்த அவசரத்தில்தான் நல்ல டிஸ்க்கும் கெடுகிறது.

சக்கரத்தின் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பாராமலே அடிக்கத் தொடங்குவதுதான் பெரிய தவறு. காரை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுங்கள். பேரிங்கில் ஆட்டம் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, ஒரு ஸ்குரூடிரைவரின் முனையை விளிம்புக்கு மயிரிழை தள்ளி அசையாமல் நிறுத்திச் சக்கரத்தை மெல்லச் சுழற்றுங்கள். முனை உரசும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். இப்போது சக்கரத்தைக் கழற்றி, ஒரு நட்டுத் துளை தள்ளி மாட்டி, மறுபடி சுழற்றுங்கள். கோடு போட்ட இடமே உரசினால் கோளாறு டிஸ்க்கில். வேறு இடம் உரசினால், சக்கரத்தை நட்டுப் போட்டு மாட்டும் ஹப்பைப் பாருங்கள். அதன் முகத்தில் ஒட்டிய துருவும் பழைய பெயிண்டுமே போதும், சக்கரத்தை ஆட வைக்க. டயரைக் கழற்றி, டயர் உட்காரும் இடத்திலும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். வெளிவிளிம்பு நெளிந்திருந்தும் உட்புறம் நேராக இருப்பதுண்டு.

அடுத்தது நெருப்பு. என் டிஸ்க் ஒன்றை ஒரு பட்டறையில் கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, அடித்து, தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். பார்க்க நேராகத்தான் இருந்தது. சில வாரங்களில் அதே இடத்தில் விரிசல் விட்டு, அதன் கூர்விளிம்பு டியூபைக் கிழித்தது. டியூப் போட்ட டயரில் விரிசல் தன்னைக் காட்டிக்கொள்ளாது. காற்று இறங்காமலே வளரும். விளிம்பில் சிறு நெளிவென்றால் மரக்கட்டையை அண்டை கொடுத்து, கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் குளிர்ந்த நிலையிலேயே சிறிது சிறிதாகத் தட்டுவதே நல்லது.

டயர் மாட்டியிருக்கும்போது வெல்டிங் வைக்க ஒருபோதும் விடாதீர்கள். காற்றை இறக்கிவிட்டோம் என்பது காவல் ஆகாது. சூட்டில் ரப்பரிலிருந்து எழும் ஆவி உள்ளேயே தீப்பிடித்து வெடிக்கும். ஆள் உயிரே போய்விடும்.

விரிசலைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பெயிண்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, சற்றுப் பொறுத்து நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு ஊறி வரும். நட்டுத் துளையைச் சுற்றியோ, நடுத்தகடு ரிம்மோடு சேரும் இடத்திலோ அந்தக் கோடு தெரிந்தால், எவ்வளவு அரிய டிஸ்க்காக இருந்தாலும் பழைய இரும்புக் கடைக்குத்தான். பட்டி வைத்து மறைத்து, அதில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது.

கடைசியாகப் பெயிண்ட். நட்டு உட்காரும் சரிவில் கனமாகப் பூசினால், ஓட ஓட அது நசுங்கி நட்டு தளரும். அங்கே மெல்லிய பூச்சே போதும். மாட்டிய பிறகு 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.