ஐஸ் தண்ணீர் 3 டிகிரி காட்டியது

முதுநிலைப் பொறியியல் படிப்பின் முதல் பருவத்தில், பிளாட்டினம் வெப்ப உணரி ஒன்று என்னை இரண்டு வாரம் அலைக்கழித்தது. வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை ஏறும்; அதை அளந்தே வெப்பநிலையைக் கணிப்போம். ஆய்வகத்தின் வெப்பநிலையை எப்போதும் கூடுதலாகவே காட்டியது. பழுது என்று முடிவுகட்டி மாற்றினேன். புதியதும் அதே பொய்யைச் சொன்னது.

சரியாக 0 டிகிரியில் சோதித்துப் பார்க்க, சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் ஒரு பை நிறைய ஐஸ் கேட்டேன். "பானம் வேண்டாமா தம்பி, வெறும் ஐஸா?" என்றார் கடைக்கார அண்ணன். அதை நொறுக்கிக் குடுவையில் அடைத்து, கொஞ்சம் நீர் விட்டுக் கலக்கி, உணரியை அமிழ்த்தினேன். 0 டிகிரியில் மின்தடை 100 ஓம் இருக்க வேண்டும், மீட்டரில் 101.2. டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 ஓம் கூடும் என்பதால், 3 டிகிரிப் பிழை.

அந்த 1.2 ஓம், நான் சிக்கனம் பார்த்து வாங்கிய 5 மீட்டர் மெல்லிய கம்பியுடையது! போக 5, வர 5. நான்கு கம்பி இணைப்புக்கு மாறினேன்: இரண்டில் மின்னோட்டம், மற்ற இரண்டில் உணரியின் முனைகளுக்கிடையே மின்னழுத்த அளவீடு. வோல்ட்மீட்டர் மின்னோட்டத்தை இழுப்பதே இல்லை எனலாம்; ஆகவே கம்பியின் மின்தடை கணக்கில் நுழையாது. மறுபடி ஐஸில் வைத்தேன்: 100.02.

ஒதுக்கிய பழைய உணரியையும் சோதித்தேன். பாவம், அதில் ஒரு குறையும் இல்லை.