ஆர்.பி.என்.னா, நேரே ஆர்.என்.னா? ஒன்ராறியோவில் தாதியர் படிப்பைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு

ஒன்ராறியோவில் தாதியாகப் பலர் தேர்ந்தெடுப்பது இரண்டு வழிகளை: ஆர்.பி.என். (Registered Practical Nurse), ஆர்.என். (Registered Nurse). பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மச்சாளின் மகள் மதிப்பெண் பட்டியலோடு வந்தாள். "மாமி, இரண்டு வருடத்தில் ஆர்.பி.என். முடித்துவிடுகிறேன். ஆர்.என். பிறகு படிக்கலாம்தானே?" என்று கேட்டாள். வேண்டாம் பிள்ளை, நேரே ஆர்.என். படிப்புக்குப் போ என்றேன். அதே வாரம், பராமரிப்பு இல்லத்தில் பி.எஸ்.டபிள்யூ.வாக (அன்றாடப் பராமரிப்பு உதவியாளராக) வேலை பார்க்கும் ஒரு தாய் இதையே கேட்டார். அவரிடம் தயங்காமல் ஆர்.பி.என். படியுங்கள் என்றேன். இருவருக்கும் நான் போட்ட கணக்கு ஒன்றுதான்: முதல் சம்பளம் இல்லாமல் உங்கள் வீடு எத்தனை வருடம் தாங்கும்?

ஆர்.பி.என். என்பது கல்லூரியில் படிக்கும் இரண்டு வருட டிப்ளோமா. ஆர்.என். ஆவதற்கு இங்கே 2005 முதல் பட்டப்படிப்பு கட்டாயம். பள்ளியிலிருந்து நேரே போனால் நான்கு வருடம். ஏற்கனவே பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் இருப்பதுபோல் இரண்டு வருட வழியும் உண்டு. ஊரில் பட்டம் பெற்றுவிட்டு இங்கே டிப்ளோமாவில் சேர நினைப்பவர்கள் முதலில் இதை விசாரியுங்கள். பலர் விசாரிப்பதே இல்லை.

வேலையில் என்ன வித்தியாசம் என்பதைப் பராமரிப்பு இல்லத்தில்தான் நான் புரிந்துகொண்டேன். ஆர்.பி.என்.னாக ஒரு மாலையில் முப்பது பேருக்கு மருந்து கொடுப்பேன், புண்ணுக்குக் கட்டு மாற்றுவேன், இன்சுலின் போடுவேன். யார் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து வைப்பார், யாருக்குத் தண்ணீர் புரையேறும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஓர் இரவு, வழக்கமாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் முதியவர் என்னை அடையாளம் காணவில்லை. மூச்சு வேகமாக இருந்தது, உடம்பு கொதித்தது. ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்தது நான்தான். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அவரைப் பொறுப்பெடுத்தவர் ஆர்.என். தாதியருக்கு உரிமம் வழங்கும் அமைப்பான ஒன்ராறியோ தாதியர் கல்லூரியின் நெறிமுறை இதைத்தான் சொல்கிறது: நோயாளியின் நிலை, தாதியின் அறிவு, வேலை செய்யும் சூழல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிலை சிக்கலில்லாமல், எப்படிப் போகும் என்று கணிக்கக்கூடியதாக இருந்தால் ஆர்.பி.என். தனியாகவே பார்க்கலாம். நிமிடத்துக்கு நிமிடம் மாறினால் ஆர்.என். வேண்டும். இதில் உயர்வு தாழ்வு இல்லை. ஆனால் அந்த இரவில் நோயாளியைக் கையளித்துவிட்டு விலகும்போது உங்கள் மனம் அமைதியாக இருக்குமா, அடுத்து என்ன செய்வார்கள் என்று துடிக்குமா? என் மனம் துடித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் வேலை செய்ய வேண்டும் என்ற ஆசை இப்போதே இருந்தால், டிப்ளோமா வழி உங்களுக்குச் சுற்றுவழி.

"பிறகு படிக்கலாம்" என்பதைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். முப்பத்தாறு வயதில் ஆர்.பி.என். ஆனேன். ஆர்.என். ஆகும்போது நாற்பத்து நான்கு. ஆர்.பி.என்.னிலிருந்து ஆர்.என்.னுக்கு மாறும் பிரிட்ஜிங் படிப்புக்கு எடுத்தது மூன்று வருடம்தான். மீதி ஐந்து வருடம் அதைத் தொடங்க முடியாமலே போனது. வீட்டுக் கடன், இரவு வேலை, பிள்ளைகளின் பள்ளி என்று ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் வந்தது. பத்தொன்பது வயதுப் பிள்ளை இதைத் தெரிந்தே தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. குடும்பம் சம்பளத்தை நம்பியிருப்பவருக்கோ, இரண்டு வருடத்தில் ஒரு தொழில் உரிமம் கைக்கு வருவது பெரிய பலம்.

ஆர்.பி.என். வழியில் போகிறவர்கள் முதல் நாளிலிருந்தே பிரிட்ஜிங் படிப்பை மனதில் வையுங்கள். இடம் கொடுக்கும்போது டிப்ளோமா மதிப்பெண் சராசரியைப் பார்ப்பார்கள். பாஸ் செய்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பாடத்திட்ட விவரங்களையும் பத்திரப்படுத்துங்கள். நிப்பிசிங் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபடியே பகுதிநேரமாகப் படிக்கலாம், ஆனால் வருடங்கள் கூடும். பணம் கட்டுவதற்கு முன், அந்தப் படிப்பைத் தாதியர் கல்லூரி அங்கீகரித்திருக்கிறதா என்று அதன் பட்டியலில் நீங்களே பாருங்கள், முகவர் சொல்வதை நம்பாதீர்கள்.

உரிமம் பெற எழுதும் பரீட்சையும் வேறு வேறு. ஆர்.பி.என்.னுக்கு 2022 முதல் ரெக்ஸ்-பிஎன், ஆர்.என்.னுக்கு என்கிளெக்ஸ். இரண்டும் கணினியில்தான், உங்கள் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். இன்னொன்று: பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா பக்கம் ஆர்.பி.என். என்றால் மனநலத் தாதி. நம்முடைய ஆர்.பி.என்.னை அங்கே எல்.பி.என். என்பார்கள். மாகாணம் மாறும் எண்ணம் இருந்தால் நினைவில் வையுங்கள்.

செலவுக்கு ஓசாப் (ஒன்ராறியோ அரசின் மாணவர் நிதியுதவி) உண்டு. ரொறன்ரோவை விட்டுப் போகத் தயார் என்றால், தாதியர் பற்றாக்குறை உள்ள பகுதிகளில் படிப்பவர்களுக்கான 'லேர்ன் அண்ட் ஸ்டே' உதவித்தொகையையும் பாருங்கள். உதவி பெற்ற ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது ஆறு மாதம் அந்தப் பகுதியிலேயே வேலை செய்ய வேண்டும்.

எந்த வழியானாலும் மருத்துவமனைப் பயிற்சி விடியற்காலையில் தொடங்கும், இடமும் உங்கள் விருப்பப்படி கிடைக்காது. பொலிஸ் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, முதலுதவிச் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். ஊரில் போட்ட ஊசிகளுக்கு ஆவணம் இல்லாதவர்கள் இரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

மச்சாளின் மகளுக்கு வேதியியலில் மதிப்பெண் கொஞ்சம் குறைவு. அதை மட்டும் மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் என்னிடம் படிக்க வருகிறாள்.