ஒரு பறவைக்கு இரண்டு அட்டை எழுதிவிடாமல் இருக்க

போன வருடம் மகளின் பள்ளிக் கண்காட்சிக்கு, அழியும் நிலையில் உள்ள பறவைகள் பற்றி அட்டைகள் எழுதிக் கொடுத்தேன். அமசிலியா பூக்கார்டிக்கு ஓர் அட்டை, கிரிசுரோனியா பூக்கார்டிக்கு இன்னோர் அட்டை. "ரெண்டும் ஒரே பறவை அங்கிள்" என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னபோதுதான் விழித்துக்கொண்டேன். அதன் பிறகு நான் கையாளும் முறை இது.

பறவை, கோஸ்டா ரிக்காவின் பசிபிக் கரை அலையாத்திக் காடுகளில் வாழும் ஓசனிச்சிட்டு, அதாவது ஹம்மிங்பேர்ட். உலகில் வேறு எந்த நாட்டிலும் கிடையாது. (நம் தோட்டத்துத் தேன்சிட்டு இதற்குச் சொந்தமில்லை. அதற்குக் காக்கைதான் நெருக்கம், ஓசனிச்சிட்டுக்கு உழவாரன்.)

முதலில் அறிவியல் பெயரின் இரண்டாவது சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் சொல்லான பேரினம் இடம் மாறும். இரண்டாவது பெரும்பாலும் அப்படியே நிற்கும். இங்கே அது அடோல்ஃப் பூக்கார் என்ற பிரெஞ்சுச் சேகரிப்பாளரின் பெயரிலிருந்து வந்தது. நான் பூக்காரி என்று நினைவு வைத்திருக்கிறேன், மறப்பதே இல்லை.

அப்புறம் அடைப்புக்குறியைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் (முல்சாந்த், 1877) என்று இருக்கும். பெயர் வைத்தவரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் முதலில் வேறொரு பேரினத்தில் வைத்தார் என்று பொருள். அடைப்புக்குறி கண்ணில் பட்டதுமே பழைய பெயர்களையும் தேட வேண்டும். இந்தச் சின்ன விஷயம் தெரிந்திருந்தால் எனக்கு ஓர் அட்டை மிச்சமாகியிருக்கும்.

ஏன் மாற்றினார்கள்? அமசிலியா வெகுகாலம் ஒரு கதம்பக் கூடையாக இருந்தது. 2014இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அதற்குள் இருந்தவை ஒரே கிளையில் வந்தவை அல்ல என்று காட்டியது. கூடையைப் பிரித்தார்கள், நம் பறவை கிரிசுரோனியாவுக்குப் போனது. பழைய கையேடுகளில் இன்னும் அமசிலியாதான்.

சரி, பாதுகாப்பு நிலை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்-னின் சிவப்புப் பட்டியலில் இது 'அருகிய இனம்'. அதோடு நிறுத்தாமல், பக்கத்தில் இருக்கும் எழுத்தையும் மதிப்பீட்டு ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏ என்றால் எண்ணிக்கை வேகமாகக் குறைகிறது, பி என்றால் வாழும் பரப்பு குறுகியது, சி என்றால் எண்ணிக்கையே குறைவு, அதுவும் சரிகிறது. ஏன் ஆபத்து என்பதற்கு வாழிடப் பகுதியைப் படிக்க வேண்டும். இந்தச் சிட்டு விரும்பிக் குடிப்பது பின்யுவேலா என்ற அலையாத்தி மரத்துப் பூவின் தேனை. அந்தக் காட்டை அழித்து இறால் பண்ணையும் உப்பளமும் போட்டால் பூ எங்கே இருக்கும்?

ஒரு எச்சரிக்கை. 'சைட்டிஸ் இரண்டாம் இணைப்பு' என்று பார்த்ததும் அருகிய இனம் என்று எழுதிவிடாதீர்கள். சைட்டிஸ் என்பது காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்துக்கான கட்டுப்பாட்டு ஒப்பந்தம். சாதாரணமாகத் திரியும் ஓசனிச்சிட்டுகள் உட்பட முழுக் குடும்பமும் அதில் உண்டு. பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் வாழும் கிளாசிஸ் டோர்னி என்ற ஓசனிச்சிட்டு மட்டும் கடுமையான முதல் இணைப்பில்.

இப்போது என் அட்டையில் இருப்பது: கிரிசுரோனியா பூக்கார்டி (முல்சாந்த், 1877). முன்பு அமசிலியா. கோஸ்டா ரிக்கா மட்டும். அருகிய இனம். கீழே, பென்சிலில், பட்டியலைப் பார்த்த தேதி.