லைனிங் பிளவுஸ் தைக்கிறீர்களா? அக்குளைத் தோண்டாதீர்கள்

ஊசி நம்பர், பாபின் டென்ஷன், லைனிங் துணியை நனைத்துக் காயவைத்துவிட்டு வெட்டுவது, இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. எந்த வீடியோவைத் திறந்தாலும் முதலில் அதுதான் ஓடுகிறது, என்னிடம் தைக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களும் அதைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். ஆனால் நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் செய்த சொதப்பல்களை அதே வரிசையில், அதே தைரியத்தோடு செய்கிறார்கள். சாதா காட்டன் பிளவுஸ் என்றால் போகட்டும். பட்டுப்புடவையோடு வருகிற 80 சென்டிமீட்டர் துண்டில் செய்கிறார்கள். அது கெட்டால் அதே நிறம், அதே பார்டர் எந்தக் கடையிலும் கிடைக்காது.

அளவு பிளவுஸை அப்படியே நம்புவது

"இதுதான் எனக்கு நல்லா ஃபிட்டாகும்" என்று பீரோவிலிருந்து எடுத்துத் தரும் பிளவுஸ், பெரும்பாலும் பிரித்துப் பிரித்துத் தைத்தது, துவைத்துத் துவைத்து உடம்புக்குப் பழகிப்போனது. லைனிங் இல்லாத பழைய ரூபியா துணி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். லைனிங் வைத்த பட்டு ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்காது. போதாக்குறைக்கு, அந்த பிளவுஸைத் தரையில் விரித்து அளந்தால் டாட்டுக்குள், அதாவது மார்பு வடிவத்துக்காகப் பிடித்துத் தைக்கும் மடிப்புக்குள், போன துணி கணக்கிலேயே வராது. சுற்றளவை உடம்பில் டேப் வைத்து எடுங்கள், லைனிங்குக்காக அரை அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். அளவு பிளவுஸ் உயரம் பார்க்கவும் கழுத்து பார்க்கவும் போதும்.

லைனிங்கை வாட்டம் பார்க்காமல் வெட்டுவது

பட்டுத் துணியைக் கவனமாக நேர் வாட்டத்தில், அதாவது இழை ஓடுகிற திசையில், வெட்டிவிட்டு, லைனிங்கை மட்டும் இடம் கிடைத்த பக்கமெல்லாம் திருப்பிப் போட்டு வெட்டுவார்கள். உள்ளேதானே இருக்கப்போகிறது என்று. முதல் தடவை தண்ணீர் பட்டதும் லைனிங் ஒரு பக்கமும் பட்டு ஒரு பக்கமும் இழுக்கும், பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்து நிற்கும். அதற்கப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் சரியாகாது.

ஆர்ம்ஹோலைத் தோண்டுவது

கை இணைக்கிற அக்குள் வளைவை இன்னும் கீழே இறக்கி வெட்டுவதைச் சொல்கிறேன். இதற்குத்தான் இந்தக் கட்டுரையே. இன்னும் எரிச்சல் தீரவில்லை.

தம்பி கல்யாணத்துக்கு என்று ஒரு பெண் தன் பட்டு பிளவுஸைத் தானே தைத்தாள். நல்ல கை, டாட் எல்லாம் அழகாக உட்கார்ந்திருந்தது. கை இணைப்பதற்கு முன்னால் போட்டுப் பார்த்தாளாம், அக்குளில் இறுக்கியதாம். அரை அங்குலம் கீழே தோண்டினாள். கையை வைத்துத் தைத்து மறுபடி போட்டுப் பார்த்தால் கையைத் தூக்கும்போது இழுத்தது. மறுபடி பிரித்து இன்னொரு அரை அங்குலம். வளைவு பெரிதாகிவிட்டதால் கை பொருந்தவில்லை, அதனால் கையின் அடிப்பக்கத்தையும் அதே அளவுக்குக் குடைந்தாள். என்னிடம் வந்தபோது, "அக்கா, தோண்டத் தோண்ட இறுக்கம் கூடுது, இன்னும் கொஞ்சம் இறக்கிடவா?" என்று கேட்டாள். கையைத் தூக்கச் சொன்னேன். கீழ்ப்பட்டி அப்படியே மேலேறி மார்பின் நடுவில் வந்து நின்றது. கல்யாண வீட்டில் சாமான் எடுக்க, பூ வைக்க, மாலை எடுத்துக்கொடுக்க எல்லாவற்றுக்கும் கையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். புடவையின் உள்முனையிலிருந்து துணி எடுக்கலாமா என்று அவளுடைய அம்மா கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

கணக்கு ரொம்ப எளிது, ஆனால் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. இடுப்புப் பட்டியிலிருந்து பக்கத் தையல் வழியாக அக்குள் வரை 6 அங்குலம், அக்குளிலிருந்து கையின் உள்தையல் வழியாகக் கை ஓரம் வரை 6 அங்குலம் என்று வையுங்கள். மொத்தம் 12. நீங்கள் கையைத் தூக்கும்போது நீள வேண்டியது இந்தப் பாதைதான். உடம்பில் ஒரு அங்குலம், கையில் ஒரு அங்குலம் தோண்டினால் பாதை 10 ஆகிவிடும். குறைந்த அந்த இரண்டு அங்குலத்தைக் கை எங்கிருந்து எடுக்கும்? கீழேயிருந்து ஒட்டுமொத்த பிளவுஸையும் இழுத்து எடுக்கும். கதவின் கீல் போல, துணி திரும்ப வேண்டிய இடம் தோள் மூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அது எவ்வளவு மேலே, அக்குளை ஒட்டி இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கை தனியாகத் திரும்பும். லைனிங் கோட் தைக்கிற நல்ல டெய்லர்களைப் பாருங்கள், ஆர்ம்ஹோலைச் சின்னதாக, மேலே ஏற்றித்தான் வெட்டுவார்கள். ரெடிமேடில் எல்லா உடம்புக்கும் நுழைய வேண்டும் என்று இறக்கி வெட்டுவதால்தான் அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் கோட்டே எழுந்து நிற்கிறது.

அப்படியென்றால் அந்த இறுக்கம் எங்கிருந்து வந்தது? நான் பார்த்த வரைக்கும் மூன்று இடத்தில் ஒன்றாக இருக்கும்.

பாதிப் பேருக்கு அது இறுக்கமே இல்லை. கை வைப்பதற்கு முன்னால் வளைவைச் சுற்றி அரை அங்குல மார்ஜின், அதாவது தையலுக்கு வெளியே விட்ட துணி, நிற்கிறது, பட்டும் லைனிங்கும் சேர்ந்து மொடமொடவென்று அக்குளில் குத்துகிறது. தையல் கோட்டில் கை இணைத்து, வளைவின் அடியில் மட்டும் மார்ஜினைக் கால் அங்குலமாகக் குறைத்து ஓரம் அடித்தபிறகு போட்டுப் பாருங்கள். குத்தல் போயிருக்கும். கை வைக்காத பிளவுஸைப் போட்டுப் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

இரண்டாவது, முன்பக்க வளைவு. முன்னும் பின்னும் சேர்த்து மடித்து ஒரே வெட்டாக வெட்டிவிட்டு, முன்பக்கத்தை மட்டும் தனியாக உள்வாங்கி வெட்ட மறந்துவிடுகிறார்கள். பின்பக்கத்தைவிட முன்பக்கம் ஏறக்குறைய அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் அங்கே ஒரு மடிப்பு நின்று கையை நெருக்கும். இங்கேயும் வெட்டத்தான் வேண்டும், ஆனால் பக்கவாட்டில், மார்பை நோக்கி. கீழ் நோக்கி ஒரு நூல்கூடப் போகக் கூடாது.

மூன்றாவது, பிளவுஸின் கையே சின்னது. கையின் மேல் வளைவை உயரமாக வெட்டினால் கை தொங்கும்போது சுருக்கமில்லாமல் பளிச்சென்று இருக்கும், போட்டோவுக்கு நன்றாக இருக்கும், ஆனால் புஜம் பக்கம் அகலம் குறைந்துவிடும். வளைவு உயரத்தை அரை அங்குலம் குறைத்து அந்த அளவுக்கு அகலத்தைக் கூட்டினால் கை தாராளமாக எழும்பும். புஜத்தின் சுற்றளவுக்கு மேல் ஒரு அங்குலமாவது தளர்வு வேண்டும், லைனிங் வைத்த கைக்கு ஒன்றரை.

எது காரணம் என்று சந்தேகமாக இருந்தால் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, அக்குளுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் தையலை மட்டும் பிரித்து, பிளவுஸைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்குங்கள். அங்கே துணி இலை வடிவத்தில் திறந்துகொள்ளும். உங்களுக்கு எவ்வளவு துணி குறைகிறது என்பதை அந்தத் திறப்பே காட்டிவிடும். ஏற்கெனவே தோண்டியவர்களுக்கும் வழி இதுதான்: அதே வடிவத்தில் குறுக்கு வாட்டத்தில், அதாவது இழைக்குச் சாய்வாக, ஒரு துண்டு வெட்டி அக்குளில் வைத்துத் தைப்பது. வடநாட்டுக் குர்தாவில் அக்குளில் ஒரு சதுரத் துண்டு இருக்குமே, அதே வேலைதான். கையைத் தொங்கவிட்டால் வெளியே தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் கை ஓரத்தில் மடித்திருந்த துணியிலிருந்து அப்படித்தான் ஒட்டுப் போட்டோம். தோளில் அரை அங்குலம் பிடித்தாலும் ஆர்ம்ஹோல் மேலேறும், ஆனால் கழுத்தும் டாட் முனையும் கூடவே ஏறும், அதனால் அது கடைசி வழி.

பட்டில் ஃபிட்டிங் பார்ப்பது

பட்டில் பிரித்த தையலின் ஊசித்துளை மறையாது. அதனால் முதலில் லைனிங்கை மட்டும் பெரிய தையலில் ஓட்டி, கையோடு சேர்த்து, போட்டுப் பாருங்கள். கண்ணாடி முன்னால் நேராக நின்றுகொண்டிருந்தால் போதாது. கொண்டை போடுங்கள், பரணில் இருக்கும் டப்பாவை எடுங்கள், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோல ஒரு நிமிடம் நில்லுங்கள். திருத்த வேண்டியதை எல்லாம் அதிலேயே திருத்திவிட்டு, பிரித்து, அந்த லைனிங்கையே வைத்துப் பட்டுத் துணியை வெட்டுங்கள். ஒரு சாயங்காலம் கூடுதலாக ஆகும். ஆகட்டும்.

கழுத்தை அகலமாகவும் ஆழமாகவும் வெட்டுவது

இரண்டில் ஒன்று. இரண்டும் வேண்டுமென்றால் பின்னால் கயிறு கட்டுங்கள், இல்லையென்றால் தோள் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

டாட் முனையில் ரிவர்ஸ் அடிப்பது

பின்னோக்கித் தைத்து முடித்தால் முனை குமிழாகும். நூலை நீளமாக விட்டு முடிச்சுப் போடுங்கள்.

பக்கத்தில் விட்ட மார்ஜினை வெட்டுவது

வெட்டாதீர்கள். அடுத்த வருஷம் வேண்டியிருக்கும்.

ஜரிகைமேல் சூடான இஸ்திரி

நடுவில் ஒரு வெள்ளைத் துணி.

கொக்கியை மேலேயிருந்து எண்ணி வைத்துக்கொண்டு வருவது

மார்பின் உயரமான இடத்துக்கு நேராக ஒரு கொக்கி முதலில். மற்றதை அதற்கு மேலும் கீழும் பிரித்து வையுங்கள்.