ரோட்டரி காரில் ஆயில் பிரஷர் கேஜ்: பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோட்டரி இன்ஜின் கொண்ட மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்கள் பலர், டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் எப்போதும் நடுவில் நிற்பதைப் பார்த்து நிம்மதியாக இருக்கிறார்கள். உண்மையில் அந்த முள் எதையும் அளப்பதில்லை. அதன் பின்னால் இருப்பது வெறும் சுவிட்ச். அழுத்தம் ஒரு சிறிய அளவைத் தாண்டினால் முள் நடுவுக்கு வந்துவிடும், அதற்குப் பிறகு அழுத்தம் ஏறினாலும் பாதியாகக் குறைந்தாலும் அசையாது. தனியாக ஒரு கேஜ் வாங்கி மாட்ட நினைப்பது சரியான முடிவுதான். ஆனால் அதை மாட்டும் விதத்தில் செய்யும் தவறால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினையே இழந்துவிடக்கூடும்.

சாதாரண பிஸ்டன் இன்ஜினில் ஆயிலின் முதல் வேலை உராய்வைக் குறைப்பது. பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரியில் அது போதாது. சுழலும் ரோட்டரின் உட்புறத்தில் ஆயில் பீய்ச்சப்பட்டு, அதுதான் ரோட்டரைக் குளிரவைக்கிறது. எசென்ட்ரிக் ஷாஃப்ட் (ரோட்டர்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) பேரிங்குகளில் ஆயிலின் மேல்தான் மிதக்கிறது. ரோட்டரின் முனைகளில் இருக்கும் அபெக்ஸ் சீல்கள் தேயாமல் இருக்க, மீட்டரிங் பம்ப் கொஞ்சம் ஆயிலை வேண்டுமென்றே எரிஅறைக்குள் அனுப்புகிறது. எனவே அழுத்தம் விழுந்தால் பேரிங்கும் ரோட்டரும் ஒன்றாகவே ஆபத்தில் மாட்டுகின்றன.

நான் மிகவும் அஞ்சும் தவறு மரை சம்பந்தப்பட்டது. ஜப்பானியக் கார்களில் ஆயில் பிரஷர் சென்சார் உட்காரும் துளை பெரும்பாலும் 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் குழாய் அளவு) மரை. அமெரிக்க கேஜ்களோடு வரும் சென்சார் 1/8 என்பிடி (அமெரிக்கக் குழாய் அளவு). கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் முதலாவதில் ஓர் அங்குலத்துக்கு 28 மரை, இரண்டாவதில் 27. மரையின் கோணமும் 55, 60 டிகிரி என்று வேறுபடும். கையால் ஒன்றிரண்டு சுற்று சுகமாக உள்ளே போகும், பிறகு பிடித்துக்கொள்ளும். "கொஞ்சம் இறுக்கினால் போய்விடும்" என்று ஸ்பேனர் போட்டால் மரை நசுங்கும், அல்லது துளையைச் சுற்றியுள்ள உலோகம் வெடிக்கும். சென்சார் 200 ரூபாய்க்குக் கிடைத்தாலும் 2,000 ரூபாய்க்குக் கிடைத்தாலும், வெடித்த பாகத்தை மாற்ற இன்ஜினைப் பிரிக்கும்படி ஆகலாம். தகுந்த அடாப்டர் கையில் இல்லையென்றால் அன்றைக்கு வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

ஆயில் ஃபில்டருக்கு அடியில் சாண்ட்விச் பிளேட் (இன்ஜினுக்கும் ஃபில்டருக்கும் நடுவே உட்காரும், துளையுள்ள தட்டு) வைத்து அதிலிருந்து அழுத்தம் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். பிளேட்டுகள் எம்20 x 1.5 மரையிலும் 3/4-16 மரையிலும் விற்கப்படுகின்றன. அளவு மிக நெருங்கியது என்பதால் தவறானது பாதி வரை ஏறிவிடும். பழைய ஃபில்டரின் ரப்பர் வாஷர் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வாஷர் உட்கார்ந்தால், அழுத்தம் ஏறும் நேரத்தில் ஆயில் மொத்தமும் ரோட்டில் கொட்டும்.

டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றுவது அடுத்த பழக்கம். ஒற்றை வயர் சென்சார்களுக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் கிடைக்கிறது. டேப் அதைத் தடுத்தால் கேஜ் பொய் சொல்லும். அதைவிட மோசமானது, கிழிந்த டேப் துணுக்கு ஆயில் பாதைக்குள் போவது. ரோட்டரைக் குளிரவைக்கும் ஜெட்டுகள் மிகச் சிறியவை. நுனி மரை ஒன்றிரண்டை விட்டுவிட்டு, திரவ சீலன்ட்டை மெல்லியதாகப் பூசினாலே போதும்.

பெரிய உருளை சென்சாரை இன்ஜினிலேயே நேராக, அதுவும் இரண்டு மூன்று பித்தளை அடாப்டர் கோத்து, தொங்கவிடக்கூடாது. அதிர்வில் பித்தளைக் கழுத்து ஒருநாள் முறியும். ஸ்டீல் பின்னல் போட்ட சிறிய ஹோஸ் ஒன்றை இழுத்து, சென்சாரை பாடியில் கிளாம்ப் செய்வதே நல்லது. அப்படிச் செய்தால் எர்த் வயர் தனியாகக் கொடுக்க வேண்டும். மெக்கானிக்கல் கேஜ் வாங்கி, சூடான ஆயில் ஓடும் சின்னக் குழாயைக் காருக்குள் ஓட்டுநரின் கால் பக்கம் கொண்டுவருவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சந்தேகம் வந்தால் நிறுத்திய காரில் சரிபார்க்க மட்டும் அது உதவும்.

தொழிற்சாலை சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் புது சென்சாரை வைக்க ஆசை வரும். டி இணைப்பு போட்டு இரண்டையும் வைத்திருங்கள். சாலையைப் பார்த்து ஓட்டும் கண் கேஜைப் பார்க்கும் நேரம் குறைவு. அந்த சுவிட்ச் தரும் எச்சரிக்கையைக் கண்டால்தான் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விடும்.

வயரிங்கில் சொல்ல அதிகமில்லை: சாவி போட்டால் மட்டும் வரும் மின்சாரம், சிறிய ஃபியூஸ், துளையில் ரப்பர் குரோமெட். ஆனால் ரோட்டரியின் புகைக்குழாய் மற்ற இன்ஜின்களைவிடக் கடுமையாகச் சுடும். வயரும் ஹோஸும் அதன் பக்கமே போகக்கூடாது. சென்சாரும் கேஜும் ஒரே ஜோடியாக இருக்கட்டும். 10-180 ஓம் சென்சாரை 240-33 ஓம் கேஜோடு இணைத்தால் முள் தலைகீழாக நகரும்.

இனி ரோட்டரிக்கே உரிய ஒரு பொறி. வேலை முடிந்ததும், கசிவு இருக்கிறதா என்று பார்க்க, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பத்து விநாடியில் அணைப்பார்கள். பிஸ்டன் காரில் ஒன்றும் ஆகாது. ரோட்டரியில் எரிஅறையில் பெட்ரோல் தேங்கி, அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். இதைத்தான் ஃப்ளட்டிங் என்கிறார்கள். முதலில் ஆயில் அழுத்தத்தை எழுப்ப வேண்டுமென்றால் எரிபொருள் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, கேஜ் முள் எழும் வரை ஸ்டார்ட்டரால் இன்ஜினை விட்டுவிட்டுச் சுழற்றுங்கள். காயிலை மட்டும் கழற்றிச் சுழற்றினால் பெட்ரோல் உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். பிறகு ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்து, இன்ஜின் முழுதாகச் சூடாகும் வரை ஓடவிட்டுக் கசிவைப் பாருங்கள். கசிவு கண்ணில் பட்டால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள், ஃப்ளட் ஆனாலும் பரவாயில்லை.

எல்லாம் சரியாக மாட்டிய பிறகு, எண்ணைத் தவறாகப் படிப்பது எஞ்சியிருக்கும் தவறு. ஆர்எக்ஸ்-8-க்கு முந்தைய ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-7-இன் எஃப்சி, எஃப்டி மாடல்களில், சூடான இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் சுமார் 71 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். 2003-இல் வந்த ஆர்எக்ஸ்-8-க்கு அதே வேகத்தில் சுமார் 50 பிஎஸ்ஐதான். 2009 மாடலில் மாஸ்டா அழுத்தத்தை உயர்த்தியது. இது தெரியாமல் ஆர்எக்ஸ்-7 எண்ணை மனதில் வைத்து, நல்ல ஆர்எக்ஸ்-8 இன்ஜினை நோயாளியாக்கி, ஆயில் அழுத்த ரெகுலேட்டர் வாங்க ஓடுகிறார்கள். ஐடிலிங்கில் காணும் எண்ணை வைத்து முடிவு எடுக்காதீர்கள். குளிர் ஸ்டார்ட்டில் முள் மேலே முட்டி நிற்பதைப் பார்த்து மகிழவும் வேண்டாம். அது கெட்டியான ஆயிலின் வேலை. ஆயில் வெப்பம் தெரியாமல் அழுத்தம் மட்டும் தெரிவது பாதித் தகவல். முடிந்தால் இரண்டு கேஜையும் ஒன்றாக மாட்டுங்கள்.

நாளாக ஆக அழுத்தம் இறங்கினால் உடனே பேரிங் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். முதலில் ஆயில் அளவைப் பாருங்கள், ரோட்டரி ஆயிலைக் குடிக்கும் இன்ஜின். அடுத்து டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் ஆயில் நீர்த்திருக்கிறது, மாற்றினாலே அழுத்தம் திரும்பலாம். அதற்குப் பிறகு தனி மெக்கானிக்கல் கேஜால் ஒருமுறை அளந்து, சென்சார் உண்மை பேசுகிறதா என்று உறுதிசெய்யுங்கள். மாஸ்டாவின் 13பி ரோட்டரி இன்ஜின்களில் முன்பக்க கவருக்குப் பின்னால், ஆயில் பாதையின் இணைப்பைக் கசியாமல் மூடும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஒன்று உண்டு. அது பிய்ந்தாலும் அழுத்தம் இப்படித்தான் விழும். பேரிங் இந்த வரிசையில் கடைசி.

மாட்டிய முதல் வாரத்தில், சூடான இன்ஜினில் 3,000 ஆர்பிஎம் அழுத்தத்தையும் ஆயில் வெப்பத்தையும் தேதியோடு எழுதிவையுங்கள். அதே வாரத்தில் ஒருமுறை காரைத் தூக்கி, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.