பூசணி என்றால் எது? ஏஐ ஏஜென்ட் படிக்கும் டூல் குறிப்பை எழுதுவது எப்படி

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருந்து வேலந்தாவளம் வரைக்கும் எங்கள் பக்கம் பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம். மாமாவின் காய்கறி மண்டிக்காகச் சின்னதாக ஒரு டூல் எழுதினேன். காயின் பெயரைக் கொடுத்தால் அன்றைய விலையைச் சொல்லும், ஆர்டரையும் பதிவு செய்யும். அதை ஒரு ஏஐ ஏஜென்டுடன் (நாம் பேச்சில் சொல்வதைப் புரிந்துகொண்டு, டூல்களைத் தானே இயக்கும் ஏஐ) இணைத்த முதல் வாரமே, கும்பளங்காய் கேட்டவருக்கு மஞ்சள் பூசணி ஆர்டர் ஆகிவிட்டது. நிரலில் (கோடில்) பிழை இல்லை. நான் எழுதிய குறிப்பில் வெறும் ‘பூசணி’ என்று இருந்ததுதான் காரணம்.

பொதுவாக ஏஜென்ட் டூலை இயக்கும்போது உள்ளே இருக்கும் நிரல் அதன் கண்ணில் படாது. டூலின் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற பட்டியல், இவ்வளவுதான் தெரியும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட எம்சிபி (MCP, ஏஐயை வெளி டூல்களுடன் இணைக்கும் பொது விதிமுறை) முறையிலும் இப்படித்தான். உள்ளீட்டுப் பட்டியலை ஜேசன் ஸ்கீமா (JSON Schema, எந்த உள்ளீடு எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் முறை) வடிவில் எழுதுவார்கள். ஆகவே குறிப்பில் இல்லாததை ஏஜென்ட் ஊகித்துக்கொள்ளும்.

படி 1: பெயர்

செய்யும் வேலையே பெயராக இருக்கட்டும். ‘மண்டி_டூல்’ வேண்டாம், ‘விலை_பார்’, ‘ஆர்டர்_பதி’ என்று இரண்டாகப் பிரியுங்கள். (நிஜத்தில் ஆங்கில எழுத்தில்தான் வைப்போம், இங்கே படிக்க வசதியாகத் தமிழில்.) பார்ப்பதற்கு ஒன்று, மாற்றுவதற்கு ஒன்று என்று தனியாக இருந்தால், விலை கேட்கப் போய் ஆர்டர் விழுகிற ஆபத்து குறையும்.

படி 2: விளக்கம்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். முதலில் நான் எழுதியது: ‘காய்கறி ஆர்டர் செய்யும்.’ இப்போது இருப்பது:

‘வாடிக்கையாளர் காய், எடை, தேதி மூன்றையும் உறுதிசெய்த பிறகு மட்டும் ஆர்டரைப் பதியும். விலை கேட்டால் இதை அழைக்காதே, விலை_பார் டூலை அழை. பதிந்த ஆர்டரை ரத்து செய்ய முடியாது. பூசணி என்று மட்டும் சொன்னால் வெண்பூசணியா (கும்பளங்காய்), மஞ்சள் பூசணியா (மத்தங்காய்) என்று கேள். வெள்ளரி என்றால் பச்சையாகத் தின்பதா, விஷுக்கணியில் வைக்கும் மஞ்சள் வெள்ளரியா என்று கேள்.’

எப்போது அழைக்க வேண்டும், எப்போது கூடாது, அழைத்தால் என்ன ஆகும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. உள்ளூர்ப் பெயர்களையும் கட்டாயம் சேருங்கள். மலையாளத்தில் பயறு என்று கேட்பவருக்கு வேண்டியது பெரும்பாலும் நீளமான தட்டங்காய். நமக்கோ அது காய்ந்த பருப்பு வகை. நம் ஊர்ப் பேச்சு மாடலுக்கு (ஏஜென்டின் பின்னால் இருக்கும் ஏஐக்கு) தானாகத் தெரிந்திருக்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். அதற்காகப் பக்கம் பக்கமாகவும் எழுத வேண்டாம். பொதுவாக ஒவ்வொரு உரையாடலிலும் இந்தக் குறிப்பு முழுவதும் மாடலுக்குப் போகிறது, டோக்கன் (மாடல் எழுத்தை எண்ணும் சிறு துண்டு, கட்டணமும் பெரும்பாலும் அதன்படிதான்) செலவாகும்.

படி 3: உள்ளீடுகள்

‘அளவு’ என்று வைத்தால் பெட்டியா, மூட்டையா, கிலோவா? ‘எடை_கிலோ’ என்று வையுங்கள். தேதிக்கு 2025-04-03 மாதிரி வருடம் முதலில் வரும் வடிவத்தைக் கேளுங்கள். 03/04 என்று வந்தால் ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்ற குழப்பம் வரும். காயின் பெயருக்கு ‘enum’ பட்டியல் கொடுங்கள், அதாவது இந்தப் பெயர்களில் ஒன்றை மட்டுமே தர வேண்டும் என்று ஸ்கீமாவிலேயே கட்டிவிடுவது. எது கட்டாயம், எது விருப்பம் என்றும் குறித்துவிடுங்கள்.

படி 4: பிழைச் செய்தி

இதையும் ஏஜென்ட் படிக்கும். ‘பிழை 400’ என்று திருப்பி அனுப்பினால் அதே தவறோடு மறுபடி வரும். ‘எடை 5 கிலோவுக்குக் குறையக் கூடாது, 2 என்று வந்தது. வாடிக்கையாளரிடம் கேட்டு மாற்றி அனுப்பு’ என்று அடுத்து செய்ய வேண்டியதையும் எழுதுங்கள்.

படி 5: சோதனை

கடைக்கு வருகிறவர்கள் பேசுவது போலவே பத்துப் பதினைந்து கேள்விகளை எழுதி, ஏஜென்டிடம் கேளுங்கள். எந்த டூலை, என்ன உள்ளீட்டோடு அழைத்தது என்று லாகில் (நடந்ததைப் பதியும் பதிவேட்டில்) பாருங்கள். தவறாக அழைத்திருந்தால் நிரலைத் தொடும் முன் விளக்கத்தைத் திருத்துங்கள். எனக்கு நான்கு முறை திருத்த வேண்டியிருந்தது. அப்புறம் ஒரு நாள், ‘நாளைக்கு வெள்ளரி இருபது கிலோ’ என்று தட்டினேன். ஆர்டர் பதியவில்லை. ‘சாலடுக்கா, கறிக்கு வைக்கும் மஞ்சள் வெள்ளரியா?’ என்று திருப்பிக் கேட்டது.